பனிமலை ஏறிய மாணவர் லின்னேயஸ்

நம் வீட்டு மாமரத்துக்கும் கறிவேப்பிலைக்கும் உலகத்தார் அனைவரும் அறியும்படி இரண்டு சொற்களில் பெயர் சூட்டியவர் கார்ல் லின்னேயஸ் என்ற சுவீடன் நாட்டு அறிஞர். இரு பெயரிடும் முறையை வகுத்தவர் என்று அவரைப் பாடத்தில் படிக்கிறோம். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறோம். ஆனால் அவர் இளமையில் மேற்கொண்ட ஒரு மலைப் பயணத்தை அறிந்தால் அவரை நாம் எளிதில் மறக்க மாட்டோம்.

லின்னேயஸ் 1707-ஆம் ஆண்டு சுவீடனின் தென்பகுதியில் ஒரு போதகரின் மூத்த மகனாகப் பிறந்தார். தந்தைக்குத் தோட்டக்கலையில் மிகுந்த ஆர்வம். தவழும் வயதிலேயே பிள்ளையின் கையில் பூவைக் கொடுத்து அழுகையை நிறுத்துவார்களாம். தம்மைப் போலவே மகனும் போதகராக வேண்டும் என்று தந்தை விரும்பினார். மகனோ வகுப்பை விட்டுவிட்டு வயல்வெளியில் செடி தேடினார். இவனுக்குப் படிப்பு வராது, தையல் தொழிலோ செருப்புத் தைக்கும் தொழிலோ கற்றுக்கொடுங்கள் என்று ஆசிரியர்கள் தந்தையிடம் கூறிவிட்டனர். மருத்துவராகவும் ஆசிரியராகவும் இருந்த யோஹன் ரோத்மன் என்பவர் மட்டுமே இந்த மாணவனிடம் மறைந்திருந்த திறமையைக் கண்டார். மருத்துவம் படிக்க வைக்கலாம் என்று சொல்லி, தம் வீட்டிலேயே பாடமும் நடத்தினார்.

1728-இல் உப்சாலா பல்கலைக்கழகம் சென்ற லின்னேயஸை வறுமை வாட்டியது. புதுக் காலணி வாங்கப் பணமில்லை. தேய்ந்து ஓட்டை விழுந்த காலணிக்குள் காகிதத்தை அடைத்துக்கொண்டு நடந்தார். அந்தக் கால்கள்தாம் பின்னர் லாப்லாந்தின் மலைகளில் ஏறின!

சுவீடனின் வடகோடியில், வடதுருவ வட்டத்தை ஒட்டி விரிந்து கிடப்பது லாப்லாந்து. அங்கே கலைமான்களை மேய்த்து வாழ்பவர்கள் சாமி இன மக்கள். அந்நாட்டின் செடிகொடிகளை ஆராய்ந்து வர உப்சாலா அறிவியல் கழகம் பணம் அளித்தது. 1732 மே மாதம், ஏறக்குறைய 25 வயதில், லின்னேயஸ் தன்னந்தனியாகக் குதிரையில் புறப்பட்டார். தோலாடை, நுண்ணோக்கி, தொலைநோக்கி, மைக்கூடு, கொசுக்கடிக்கு ஒரு வலைத்துணி, செடிகளை அழுத்தி வைக்கக் காகிதம் ஆகியவையே அவருடைய மூட்டை.

முதல் முயற்சி தோல்வியில் முடிந்தது. ஜூன் தொடக்கத்தில் லிக்செலே என்ற ஊரைக் கடந்ததும் பனி உருகிய சதுப்பு நிலம் வழிமறித்தது. குளிர்ந்த நீரில் முழங்கால் அளவு புதைந்து புதைந்து நடந்தார். உணவும் தீர்ந்தது. வழிகாட்டி எங்கிருந்தோ ஒரு சாமிப் பெண்ணை அழைத்து வந்தார். அந்தப் பெண் இவருடைய நிலையைக் கண்டு இரங்கினார். மேலே செல்ல வழியில்லை, திரும்பிப் போவதே நல்லது என்று அறிவுரை கூறினார். அவரிடமிருந்து ஒரு சிறு கலைமான் பாலாடைக்கட்டி கிடைத்தது. லின்னேயஸ் அந்தச் சொல்லைக் கேட்டுத் திரும்பினார். ஆனால் பயணத்தைக் கைவிடவில்லை. வேறு ஆற்றின் வழியாக மீண்டும் மலையை நோக்கிச் சென்றார்.

மலையடிவாரத்திலுள்ள குவிக்யோக் என்ற சிற்றூரில் போதகரின் மனைவி சில நாள்களுக்கு வேண்டிய உணவைக் கட்டிக் கொடுத்தார். ஜூலை 6-ஆம் நாள் லின்னேயஸ் வல்லிவாரே என்னும் மலைமீது ஏறினார். அங்கே காடு இல்லை. திரும்பிய பக்கமெல்லாம் பனி மூடிய மலைகள். நள்ளிரவிலும் மறையாத சூரியன்! காலடியில் அவர் அதுவரை கண்டிராத சின்னஞ்சிறு செடிகள். எதை முதலில் எடுப்பது, எதை விடுவது என்று அறியாமல் திகைத்தார்.

செடிகளை மட்டுமா அவர் கற்றார்? அவருடன் வந்த சாமி இனத்தவர் இருவரில் ஒருவர் எழுபது வயதைத் தாண்டியவர். மூட்டைகளைச் சுமந்துகொண்டே அவர்கள் துள்ளி நடந்தனர். இளைஞரான லின்னேயஸ்தாம் களைத்துப் போனார். காரணத்தை ஆராய்ந்த அவர், குதிகால் உயரமில்லாத அவர்களுடைய காலணியைக் கவனித்தார். கோரைப்புல்லைக் கோடையில் அறுத்து உலர்த்தி, மென்மையாக்கிக் காலணிக்குள் திணித்துக்கொள்கிறார்கள். கடுங்குளிரிலும் அவர்கள் கால் விறைப்பதில்லை. இதையும் லின்னேயஸ் குறித்துக்கொண்டார். ஒரு காலத்தில் காலணிக்குள் காகிதம் அடைத்து நடந்தவருக்கு இது எவ்வளவு வியப்பாக இருந்திருக்கும்!

மலையைக் கடந்து நார்வேயின் கடற்கரையைத் தொட்டு, மீண்டும் சுவீடனுக்கு வந்து, பின்லாந்து வழியாகச் சுற்றி, அக்டோபர் 10-ஆம் நாள் உப்சாலா திரும்பினார். 1737-இல் வெளியான அவருடைய லாப்லாந்துத் தாவர நூலில் 500-க்கும் மேற்பட்ட தாவரங்கள் இடம்பெற்றன. அவர் மிகவும் விரும்பியது, ஒரே காம்பில் இரண்டு மணிகள்போல் தொங்கும் இளஞ்சிவப்புச் சிறுபூ. அதற்கு லின்னேயா என்று அவர் பெயரே அமைந்தது.

பெரியோரிடமும் குறைகள் உண்டு. தாம் செல்லாத பகுதிக்கும் சென்றதாகக் கழகத்திடம் கணக்குக் காட்டித் தூரத்தைக் கூட்டிச் சொன்னார் என்பதைப் பிற்கால ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்துள்ளனர். ஆலந்து நாட்டில் சாமி உடை அணிந்து ஓவியத்துக்கும் நின்றார். அந்த ஓவியத்தால் லின்னேயஸின் புகழ் பரவியது. வழிகாட்டிய சாமி முதியவரின் பெயரையோ, சதுப்பு நிலத்தில் நல்வழி சொன்ன பெண்ணின் பெயரையோ உலகம் போற்றவில்லை. ஆயிரக்கணக்கான உயிர்களுக்குப் பெயர் தந்தவரின் கதையில் இது ஒரு குறையாகவே நமக்குத் தோன்றுகிறது.

1741-இல் லின்னேயஸ் உப்சாலாவில் பேராசிரியரானார். தம் மாணவர்களைப் பல நாடுகளுக்கு அனுப்பி ஊக்குவித்தார். அவரிடம் பயின்ற கேனிக் என்பவர் 1768-இல் நம் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து, இங்குள்ள செடிகளை ஆராய்ந்தார். கறிவேப்பிலைக்கு லின்னேயஸ் சூட்டிய பெயரில் அந்த மாணவரின் பெயர் இன்றும் வாழ்கிறது. 1778 ஜனவரி 10-ஆம் நாள் லின்னேயஸ் மறைந்தார்.

படிப்பு வராது என்று ஒதுக்கப்பட்ட மாணவரை ஓர் ஆசிரியர் கைவிடவில்லை. வழி தெரியாத மலையில் எளிய மக்கள் அவரைக் கைவிடவில்லை. வகுப்பில் பின்தங்கிய தோழியை நாம் ஏளனம் செய்யாதிருப்போம். நமக்கு உதவியவர்களின் பெயரை மறவாதிருப்போம். இறைவன் படைத்த சிறு பூவையும் குனிந்து பார்ப்போம்.