பிரித்துப் பார்த்துக் கற்றவர்

கோவையினின்று மேட்டுப்பாளையம் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது பெரியநாயக்கன்பாளையம். 1930இல் அவிநாசிலிங்கம் செட்டியார் தோற்றுவித்த இராமகிருஷ்ண வித்தியாலயம் நிலைபெற்றிருப்பது இவ்வூரிலேயே. இப்பக்கத்து நடுநிலைப் பள்ளிகளில் பயிலும் சிறாருக்கு மின்சாரம் புதிய பொருளன்று. தோட்டத்துக் கிணற்றடியில் மோட்டார் ஓடும் ஒலியைத் தொட்டிற் பருவத்திலேயே கேட்டவர் பலர். எனினும், அம்மோட்டார் ஏன் சுழல்கிறது என்று வினவினால், பாடநூலிலுள்ள இலக்கணத்தை ஒப்புவிப்பாரேயன்றிக் காரணம் கூறுவார் மிகச் சிலரே. இதனை எண்ணுந்தோறும் ஜி. டி. நாயுடு அவர்களின் வாழ்க்கை என் நினைவிற்கு வருகின்றது.

கோபாலசாமி துரைசாமி நாயுடு 1893ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23ஆம் நாள், கோவை மாவட்டத்துக் கலங்கல் என்னும் சிற்றூரில், உழவர் குடியிற் பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு உவக்கவில்லை. தொடக்க வகுப்புக்களோடு படிப்பு நின்றது. ஊர்ப்பக்கம் வந்த ஆங்கில அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளை ஒருநாள் கண்டார். மாடும் குதிரையும் இழாமல் ஓடும் அவ்வண்டி அவருள்ளத்தைப் பற்றிக்கொண்டது. கோவைக்குச் சென்று, உணவு விடுதி ஒன்றில் பரிமாறும் வேலையில் அமர்ந்து, சிறுகச் சிறுகப் பொருள் சேர்த்து, அத்தகைய வண்டியொன்றை விலைக்கு வாங்கினார். வாங்கியவர் அதில் ஏறி உலாவி மகிழ்வதோடு நின்றாரல்லர். உறுப்பு உறுப்பாகக் கழற்றினார். கழற்றியவற்றை மீளவும் பூட்டினார். அவர் பயின்ற கல்லூரி அதுவே எனலாம்.

பருத்தி வாணிகத்தில் அவர் ஈட்டியதும் இழந்ததும் ஈண்டு விரிக்க வேண்டுவதில்லை. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்தொன்றை ஓட்டத் தொடங்கினார். அவ்வொன்றே பின்னர் யு. எம். எஸ். என்னும் பெரிய நிறுவனமாகப் பெருகிற்று.

1932இல் நீலகிரியின் பைக்காரா நீரிலிருந்து மின்சாரம் பிறந்து கொங்கு நாட்டில் இறங்கியது. ஆலைகள் மல்கின. எருதுகள் கவலை இழுத்து நீரிறைத்த ஆழ்கிணறுகளுக்கும் மோட்டார் வேண்டியதாயிற்று. அயல்நாட்டு மோட்டாரையே நம்பியிருந்த அக்காலத்தில், 1937இல், நாயுடு அவர்கள் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் கூடிப் பீளமேட்டில் ஒரு மோட்டாரைச் செய்து முடித்தார். இந்தியாவிற் செய்யப்பெற்ற முதல் மின்மோட்டார் என அது போற்றப்பெறுகின்றது.

பழுதுற்ற மோட்டார் ஒன்றைப் பிரித்து ஒரு சிறுவன் கையில் கொடுத்தால் அவன் காண்பது என்ன? பெரும்பாலும் செம்புக்கம்பிச் சுருளும் இரும்புந்தான். சுருளில் மின்னோட்டம் செல்லும்போது அது காந்தமாகின்றது. காந்த விசை நடுத்தண்டைச் சுழற்றுகின்றது. இதை நம்பாத சிறுவன் மேலுறையிட்ட மெல்லிய செம்புக்கம்பியை ஓர் இரும்பாணியின்மேல் சுற்றி, கம்பியின் இருமுனைகளையும் டார்ச்சுச் செல்லொன்றின் இருபுறமும் சிறிது நேரம் தொடுவிக்கட்டும். ஆணி குண்டூசிகளை இழுக்கும். (வீட்டு மின்சாரத்தை இதற்கு நாடுதல் பேரிடராம்.) மின்னோட்டத்தை வாய்க்கால் நீரோடு ஒப்பிட்டு ஆசிரியர் விளக்குவதுண்டு. உவமை நன்றே, ஆயினும் முழுதும் பொருந்தாது. வாய்க்காலை வெட்டினால் நீர் வெளியே வழியும். கம்பியை வெட்டினாலோ ஓட்டமே நின்றுவிடும். சென்ற மின்னோட்டம் திரும்பி வருவதற்கும் வழி வேண்டும் என்னும் இவ்வுண்மையை, கம்பியைக் கையால் இணைத்தும் பிரித்தும் சிறுவிளக்கு எரிவதும் அணைவதும் கண்ட பிள்ளை மறப்பதில்லை.

இம்முறையில் தாம் கற்றதைப் பிறரும் கற்க வேண்டுமென்று நாயுடு விழைந்தார். 1945இல் அவர்தம் கொடையாலும் முயற்சியாலும் ஒரு பொறியியற் கல்லூரி கோவையில் எழுந்தது. அந்நாளைய சென்னை ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயர் அதற்கு இடப்பெற்றது. நாயுடுவே அதன் முதல்வராகவும் அமர்ந்தார். மூன்றாம் வகுப்பளவிற் படித்தவர் என்று சொல்லப்படும் ஒருவர் பொறியியற் கல்லூரிக்கு முதல்வர்! நான்காண்டுப் படிப்பு காலத்தை வீணாக்குவது, ஈராண்டே போதும் என்பது அவர் கொள்கை. அரசினர் இசையவில்லை. அவர் பதவியைத் துறந்தார்.

இவ்வழக்கில் யார் பக்கம் நீதி? பாலம் கட்டுவோனுக்கும் மின்னிலையம் அமைப்போனுக்கும் கணிதம் வேண்டும். அதனைக் கைப்பழக்கம் மட்டும் தந்துவிடாது. ஆகவே அரசினர் தயங்கியதைக் குறைகூற என் மனம் துணியவில்லை. நடுநிலைப் பள்ளியைப் பொறுத்தமட்டிலோ நாயுடு அவர்களே வென்றார் என்பேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஓமின் விதியை உருப்போடச் செய்வதற்கு முன், ஒரு செல்லையும் ஒரு விளக்கையும் ஒரு முழக் கம்பியையும் கொடுத்தல் வேண்டும். செலவும் பெரிதன்று. குலைந்த பொருளைக் கண்டு சினவாத ஆசிரியர் ஒருவர் இருந்தாற் போதும், அதுவே அரிது.

1974ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் நாயுடு அவர்கள் மறைந்தார். அவர் தொடங்கிய கல்லூரி அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என்று பெயர் மாறித் தடாகம் சாலையில் நடைபெறுகின்றது. பழைய இடமோ இன்றும் ஹோப் காலேஜ் என்றே வழங்குகின்றது. அவிநாசிச் சாலைப் பேருந்துகளில் நடத்துநர் அப்பெயரையே கூவுகின்றார். கல்லூரி அங்கே இல்லை.