அக்கமாதேவியைத் தமிழுக்கு அழைத்து வந்தவர்

புதுச்சேரியிலிருந்து கடற்கரைச் சாலையில் வடக்கே செல்வோர் பொம்மையார்பாளையத்தை ஒரு மீனவர் ஊராகவே கண்டு கடந்துவிடுகின்றனர். மயிலம் முருகன் கோயிலை நிர்வகிக்கும் வீரசைவ மடம் பொம்மபுர ஆதீனம் எனப் பெயர் பெற்றது இவ்வூரால்தான். 17-ஆம் நூற்றாண்டில் அம்மடத்துச் சிவஞான பாலய சுவாமிகளை நாடி வந்தவர்களுள் துறைமங்கலம் சிவப்பிரகாசரும் ஒருவர்.

காஞ்சிபுரத்தில் பிறந்த அவர் மணம் புரியாமலே வாழ்ந்து 32 வயதில் மறைந்தார். பள்ளியில் நாம் படித்த 'நன்னெறி' அவருடையது. உதடு ஒட்டாத எழுத்துகளாலேயே அந்தாதி பாடியவர் என அவரது சொல்வன்மையை வியப்பதோடு நின்றுவிடுகிறோம். அவரது பெரும்பணியாக எனக்குத் தோன்றுவது, கன்னடத்தில் சாமரசர் இயற்றிய காவியத்தைத் தழுவி 25 கதிகளில் பாடிய 'பிரபுலிங்க லீலை'.

பிறப்பு, இறப்பு, மாதவிலக்கு, எச்சில், சாதி ஆகிய ஐந்திலும் தீட்டில்லை என்றது வீரசைவம். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே லிங்கத்தை அணிவித்தது. அந்நெறியின் காவியமோ பெண்மையை இரண்டாகப் பிளக்கிறது. உமையின் தாமதக் கூறு மாயை என்னும் இளவரசியாக வனவாசியில் பிறந்து அல்லமப் பிரபுவிடம் தோற்கிறது. சாத்துவிகக் கூறு உடுதடியில் அக்கமாதேவியாகப் பிறந்து, கௌசிக மன்னனைத் துறந்து வெளியேறுகிறது. பெண் என்றால் மயக்குபவள், இல்லையேல் வணங்கத்தக்கவள். ஆண்களுக்கு இப்படியொரு பிளவு தேவைப்படவில்லை.

ஆயினும் சிவப்பிரகாசர் கொண்டுவந்தது சிறிய பொருளன்று. இதே கடற்கரையின் தெற்கே, காரைக்காலம்மையார் கணவன் விலகிச் சென்ற பின்னரே, அதுவும் அழகை உதறிப் பேயுருக் கொண்டே, தனிவழி செல்ல முடிந்ததாகப் பெரியபுராணம் கூறும். அக்கமாதேவிக்கு அந்த உருமாற்றம் வேண்டியிருக்கவில்லை. இளமையோடு, தானே முடிவெடுத்து, ஆடையையும் நீத்துக் கூந்தலே போர்வையாக நடந்தார். துறவு ஒன்றுதான், அதற்காகப் பெண் கொடுக்க வேண்டியிருந்த விலையை நிலமும் மரபும் மாற்றிவிடுகின்றன.

சிவப்பிரகாசருக்கு ஞானாம்பிகை என்றொரு தங்கை இருந்தார். பொம்மபுரச் சுவாமிகளின் மாணவரான பேரூர் சாந்தலிங்க அடிகளாருக்கு அவரை மணம் முடித்தனர். அடிகளாரின் 'வைராக்கிய சதகம்' இன்றும் ஓதப்படுகிறது. கன்னடத்தில் அக்கமாதேவியின் வசனங்கள் அவர் பெயராலேயே வழங்குகின்றன. ஞானாம்பிகையோ அண்ணன் வரலாற்றில் ஒரு வரி, கணவர் வரலாற்றில் ஒரு வரி.