மருந்தோடு நீரையும் கேட்ட பண்டிதர்

அயோத்திதாசப் பண்டிதர் என்றவுடன் நம் இளைஞர்களுக்கு ஓர் இதழாசிரியர் நினைவுக்கு வருவார். தென்னாட்டில் பௌத்தத்தை மீண்டும் தழைக்கச் செய்த பெரியார் நினைவுக்கு வருவார். அன்னாரின் தொழில் சித்த மருத்துவம் என்பதையோ, நாடி பிடித்துப் பார்த்த அந்தக் கையே பின்னர் எழுதுகோலையும் பிடித்தது என்பதையோ நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. இம்மலரில் அந்த மருத்துவரையே முன்னிறுத்திச் சில செய்திகளைச் சொல்ல விழைகின்றோம்.

பண்டிதர் 1845ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் சென்னையில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் என்னும் ஆங்கிலேயரிடம் பட்லராகப் பணி புரிந்தவர். தம் இல்லத்தில் இருந்த திருக்குறள் ஏட்டுச் சுவடியை எல்லிஸ் துரையின் கைக்குக் கிடைக்கச் செய்தவர். எழுத்தறிவற்ற கூட்டம் என்று நம்மை இகழ்ந்தோர் இச்செய்தியைச் சற்றே நினைத்துப் பார்க்கலாம். அத்தகைய குடும்பத்தில் வளர்ந்த காத்தவராயன், அயோத்திதாசக் கவிராஜ பண்டிதர் என்னும் ஆசானிடம் தமிழும் சித்த மருத்துவமும் கற்றார். ஆசானிடம் கொண்ட நன்றியால் அவர் பெயரையே தம் பெயராகச் சூடிக்கொண்டார். ஆசிரியர் பெயரை மறுநாளே மறந்துவிடும் நம் காலத்தில் இது வியப்பாகத் தோன்றலாம்.

இளமையில் நீலகிரியில் வாழ்ந்த காலத்தே, 1870ஆம் ஆண்டில் அங்கு அத்வைதானந்த சபையை நிறுவினார். அடுத்த சில ஆண்டுகளில், 1876 முதல் 1878 வரை, சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. அன்று நம் தருமபுரிப் பகுதியைத் தன்னுள் கொண்டிருந்த சேலம் மாவட்டம் கடுமையாகத் தாக்குண்ட மாவட்டங்களுள் ஒன்று. பசியோடு காலராவும் காய்ச்சலும் சேர்ந்து வந்தன. நிலமின்றிக் கூலியையே நம்பியிருந்த மக்களே முதலில் வீழ்ந்தனர். பஞ்சத்திற்குச் சாதி தெரியாது என்பர். ஆனால் கையிருப்பு தானியம் எவர் வீட்டில் இருந்தது, எவர் வீட்டில் இல்லை என்பது அதற்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

பண்டிதரின் மருத்துவத் திறத்திற்குச் சான்றாக நாம் பெருமையுடன் கூறத்தக்க நிகழ்ச்சி ஒன்று உண்டு. தமிழ்த்தென்றல் திரு.வி.க. சிறுவராக இராயப்பேட்டையில் வாழ்ந்தபோது நோயால் கைகால் முடங்கித் துன்புற்றார். அவரை நடக்க வைத்தது பண்டிதரின் மருத்துவமே. இதனைத் திரு.வி.க. அவர்களே தம் வாழ்க்கைக் குறிப்புகளில் நன்றியுடன் பதிந்துள்ளார். பின்னாளில் தமிழ் மேடைகளையும் தொழிற்சங்கத்தையும் தாங்கி நின்ற கால்களுக்கு வலுவூட்டியவர் ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த ஒரு மருத்துவர். நோயுற்ற வீட்டார் அவர் கொடுத்த மருந்தை ஏற்றனர். அவர் இனத்தார் தொட்ட கிணற்று நீரை மட்டும் ஊர் ஏற்கவில்லை.

இந்த முரண்பாட்டை அவர் பேசாமல் விட்டவர் அல்லர். 1891ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் உதகையில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டிப் பத்துத் தீர்மானங்களை நிறைவேற்றச் செய்தார். கல்வி உதவி, அரசுப் பணி, நகராட்சியில் இடம் ஆகியவற்றோடு, பொதுக் கிணறுகளிலும் குளங்களிலும் தடையின்றி நீர் எடுக்கும் உரிமையும் கேட்கப்பட்டது. சிறைச்சாலைகளில் நம் மக்களையே இழிந்த வேலைகளுக்கு ஏவிய விதியை நீக்க வேண்டும் என்பதும் அத்தீர்மானங்களுள் ஒன்று.

கிணற்றைப் பற்றிய தீர்மானத்தைப் பலரும் மான உரிமையாக மட்டுமே படித்துச் செல்கின்றனர். ஒரு மருத்துவர் தலைமையில் எழுந்த கோரிக்கை என்பதை மனத்திற்கொண்டு நாம் அதனை மீண்டும் படிக்க வேண்டும். காலரா அசுத்த நீரால் பரவுவதை இலண்டனில் சான் சுனோ என்னும் மருத்துவர் 1854ஆம் ஆண்டிலேயே காட்டியிருந்தார். அந்நோயின் கிருமியை இராபர்ட் கோக் 1884ஆம் ஆண்டு கல்கத்தாவில் உறுதி செய்தார். ஊர்க் கிணறு மறுக்கப்பட்டவள் என்ன செய்வாள்? யாரேனும் இரங்கி ஊற்றும் வரை குடத்தோடு காத்து நிற்பாள். அல்லது மாடு குளிக்கும் குட்டையில் மொண்டு வருவாள். அவள் பிள்ளைக்குப் பேதி கண்டால் எந்தச் சூரணம் நிலையாகக் காக்கும்? ஆதலின் அத்தீர்மானம் எம் பார்வையில் ஒரு மருந்துச் சீட்டும் ஆகும்.

மறு ஆண்டு சென்னை மகாஜன சபையில் நீலகிரியின் சார்பாளராகக் கலந்துகொண்டு, ஆலய நுழைவும் இலவசக் கல்வியும் தரிசு நிலமும் கேட்டார். ஆலயம் என்ற சொல்லைக் கேட்டதும் எதிர்ப்பு எழுந்தது. அங்குப் பெற்ற மனப்புண் ஆறவே இல்லை. 1898ஆம் ஆண்டு கர்னல் ஆல்காட்டின் துணையுடன் இலங்கை சென்று பஞ்ச சீலம் பெற்றுத் திரும்பி, இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். அதன் கிளைகள் கோலார் தங்கவயல், நமக்கு அண்மையிலுள்ள திருப்பத்தூர், கடல் கடந்த இரங்கூன், தென்னாப்பிரிக்கா எனப் பரவின. தங்கவயல் நமக்கு அயலூர் அன்று. வட ஆர்க்காட்டிலிருந்தும் நம் பகுதியிலிருந்தும் சென்ற நம் மூதாதையர் பலர் அங்கே பாறை உடைத்தனர். அந்தத் தூசியை மூச்சாக இழுத்து நுரையீரல் கெட்டு மாண்டோர் பலர். 2001ஆம் ஆண்டு அச்சுரங்கம் மூடப்பட்டபோது பொன் தீர்ந்தது, இருமல் தீரவில்லை.

1907ஆம் ஆண்டு சூன் 19ஆம் நாள் ஒரு பைசாத் தமிழன் என்னும் வார இதழ் வெளிவந்தது. ஓராண்டில் அது தமிழன் எனப் பெயர் பெற்றது. விலையையே பெயராக வைத்த இதழ் அது; கூலியாளும் வாங்கலாம் என்பதே அதன் முதல் அறிவிப்பு. ஏறத்தாழ அதே வேளையில், 1906ஆம் ஆண்டு, அமெரிக்காவில் கறுப்பின அறிஞர் தூபுவா தம் மக்களின் உடல்நலத்தைப் பற்றி ஓர் ஆய்வு நூலை வெளியிட்டார். கறுப்பின மக்கள் மிகுதியாக மடிவதற்குக் காரணம் அவர்தம் குருதி என்று வெள்ளை அறிஞர் சிலர் எழுதி வந்தனர். வறுமையும் நெருக்கடியான குடியிருப்புமே காரணம் என்று தூபுவா கணக்கோடு மறுத்தார். இருவரும் ஒருவரையொருவர் அறிந்ததாக நாம் கூறவில்லை. பிறப்பைக் குற்றம் சொல்வோருக்கு வாழ்நிலையைச் சுட்டிக்காட்டியதில் இருவரும் ஒரே பக்கத்தில் நின்றனர்.

பண்டிதர் 1914ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் மறைந்தார். பொதுச் சாலையும் கிணறும் குளமும் எல்லார்க்கும் உரியவை என்னும் தீர்மானத்தை அவர் மைத்துனர் இரட்டைமலை சீனிவாசனார் சென்னைச் சட்டமன்றத்தில் கொணர்ந்து நிறைவேற்றியது 1924ஆம் ஆண்டில். உதகைக்கும் அதற்கும் இடையே 33 ஆண்டுகள். மகத் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் நீர் அருந்தியது அதற்கும் பின்னர், 1927ஆம் ஆண்டில். தாம்பரம் சானடோரியத்தில் 2005ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை இன்று அயோத்திதாசப் பண்டிதர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

நம் மாவட்டத்திலோ நீரின் கதை வேறு வடிவம் கொண்டது. ஆழ்துளைக் கிணறுகளில் புளோரைடு மிகுந்து, பிள்ளைகளின் பற்களில் பழுப்பேறுவதையும் முதியோர் எலும்பு இறுகி வளைவதையும் நாம் கண்டுள்ளோம். 2013ஆம் ஆண்டு மே மாதம் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பட்டபின் காவிரி நீர் குழாய் வழி வருகின்றது. அக்குழாய் ஊருக்குள் எந்தத் தெருவில் தொடங்கி எந்தத் தெருவில் முடிகின்றது, கோடையில் அந்தக் கடைசிக் குழாயில் நாளொன்றுக்கு எத்தனை குடம் நிறைகின்றது என்பதை ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதிவர நம் இளைஞர்களை வேண்டுகின்றோம்.