வெல்டிங் பட்டறை சிலிண்டருக்காகக் கண்களை இழந்தவர்: யார் இந்த குஸ்தாஃப் டாலேன்?

பாலவனத்தம், அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் சாலையோரப் பட்டறைகளில் கேட், கிரில், டிராக்டர் டிரெய்லர், கலப்பைக் கொழு என்று வேலை ஓடும். இதில் பெரும்பகுதி கரண்ட் வெல்டிங்கிலேயே முடிந்துவிடும். கனமான தகட்டை வெட்டணும், பித்தளை வைத்துப் பற்றவைக்கணும், கோணிப்போன இரும்பைப் பழுக்கக் காய்ச்சி நிமிர்த்தணும் என்றால்தான் கேஸ் வேண்டும். கறுப்பு சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன். அதில் யாருக்கும் குழப்பம் இல்லை. அதற்குத் துணையாக மெரூன் நிற அசிட்டிலீன் சிலிண்டரை வாங்குவதா, விலை குறைவான எல்பிஜி போதுமா என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வியைக் கேட்க முடிவதற்கே ஒரு சுவீடன் நாட்டுக்காரர் காரணம். பெயர் குஸ்தாஃப் டாலேன். 1869-ல் ஸ்டென்ஸ்டார்ப் என்ற ஊரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பாலில் கொழுப்பு எவ்வளவு என்று அளக்கும் கருவியை இளம் வயதிலேயே செய்து, அப்போது புகழ்பெற்றிருந்த பொறியாளர் டி லாவலிடம் கொண்டுபோய்க் காட்டினார். முதலில் முறையாகப் படித்துவிட்டு வா என்று அவர் சொல்லி அனுப்ப, டாலேனும் அதைக் கேட்டுக்கொண்டார். கோத்தன்பர்க்கில் உள்ள சால்மர்ஸில் 1896-ல் பொறியியல் முடித்தார். பிறகு சூரிச்சில் ஒரு வருஷம் படித்தார்.

அந்தச் சமயத்தில் ஐரோப்பாவில் அசிட்டிலீன்தான் பேச்சு. கால்சியம் கார்பைடு கல்லில் தண்ணீர் பட்டால் கிளம்பும் வாயு அது (மாம்பழத்தைப் பழுக்க வைக்கிறார்களே, அதே கல்தான். உணவில் அதற்குத் தடை இருக்கிறது). ஆக்சிஜனோடு சேர்த்து எரித்தால் 3,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும் என்று பிரெஞ்சு வேதியியலாளர் லெ ஷாட்லியே 1895-ல் காட்டியிருந்தார். இரும்பை உருக்கி ஒட்ட இதைவிட நல்ல தீ கிடையாது.

சிக்கல் எங்கே என்றால், அசிட்டிலீனை மற்ற வாயுக்கள் மாதிரி அழுத்தி அடைக்க முடியாது. அழுத்தம் சுமார் 2 வளிமண்டலத்தைத் தாண்டினால், காற்றோ தீப்பொறியோ இல்லாமலே அது தானாகச் சிதைந்து வெடிக்கும். அசிட்டோன் என்ற திரவத்தில் கரைத்து வைக்கலாம் என்று 1890-களில் பிரான்ஸில் கண்டுபிடித்தார்கள். ஒரு லிட்டர் அசிட்டோன் சாதாரண அழுத்தத்திலேயே சுமார் 25 லிட்டர் வாயுவை வாங்கிக்கொள்ளும். அந்த அசிட்டோனைத் தாங்கிக்கொள்ள சிலிண்டருக்குள் நுண்துளைகள் நிறைந்த ஒரு கெட்டிப் பொருளை நிரப்பினார்கள். ஆனால் வண்டியில் குலுங்கினால் அது விரிசல் விட்டது. விரிசலில் வெற்றிடம் உண்டானது. வெற்றிடம் இருந்தால் மறுபடி ஆபத்துதான்.

இங்கேதான் டாலேன் வருகிறார். 1901-ல் சுவீடன் கார்பைடு நிறுவனத்தில் தொழில்நுட்பத் தலைவரானார். பிறகு ஆகா என்று எல்லோரும் அழைத்த கேஸ் நிறுவனத்துக்குத் தலைமைப் பொறியாளர், 1909-ல் அதன் நிர்வாக இயக்குநர். அஸ்பெஸ்டாஸ், சிமென்ட், கரி, டயட்டம் மண் கலந்து அவர் உருவாக்கிய நிரப்புப் பொருள் குலுங்கினாலும் விரியவில்லை. உள்ளே எங்காவது ஒரு இடத்தில் சிதைவு தொடங்கினாலும் அது பரவாமல் தடுத்தது. கலங்கரை விளக்குகளுக்காகச் செய்த வேலை இது. அதோடு, பகலில் விளக்கைத் தானாக அணைத்து இரவில் ஏற்றும் சூரிய வால்வையும் செய்தார். பனாமா கால்வாயில்கூட இவருடைய விளக்குகள் பொருத்தப்பட்டன.

1912-ல் சிலிண்டர்கள் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்று சோதித்தபோது ஒன்று வெடித்தது. டாலேனுக்கு இரண்டு கண்களிலும் பார்வை போனது. அதே ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு அவருக்குத்தான். மேடைக்குப் போய் அதை வாங்கியவர் அவருடைய அண்ணன் ஆல்பின். அவர் ஒரு கண் மருத்துவர்!

பார்வை போன பிறகு ஓய்வெடுத்தாரா? இல்லை. மேலும் 25 வருஷம், 1937-ல் இறக்கும்வரை நிறுவனத்தை நடத்தினார். வீட்டிலிருந்தபடி 1922-ல் ஒரு சமையல் அடுப்பையும் வடிவமைத்தார். கேஸ்காரர் செய்த அந்த அடுப்பு எரிந்தது நிலக்கரியில்!

சரி, பட்டறைக்கு வருவோம். எதை வாங்குவது?

இரும்பை வெட்டுவதற்கு மட்டும் என்றால் எல்பிஜி தாராளமாகப் போதும். ஏனென்றால் வெட்டுவது கேஸ் இல்லை, ஆக்சிஜன். இரும்பு சுமார் 900 டிகிரிக்குச் சூடானதும் ஆக்சிஜன் பீய்ச்சலில் இரும்பே எரிந்து உதிர்கிறது. கேஸின் வேலை மூட்டிவிடுவதுதான். எல்பிஜியில் முதல் சூடேற்றம் கொஞ்சம் மெதுவாக நடக்கும், ஆக்சிஜனும் கூடுதலாகச் செலவாகும். ஒரு பங்கு அசிட்டிலீனுக்கு சிலிண்டரிலிருந்து ஏறக்குறைய ஒரு பங்கு ஆக்சிஜன் போதும் என்றால், எல்பிஜிக்கு நான்கு பங்குக்கு மேல் வேண்டும். கேஸ் விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டால் ஏமாந்துவிடுவோம். நாஸிலும் அதற்கென உள்ளதாக மாற்ற வேண்டும். வீட்டு சிலிண்டரைப் பட்டறைக்குக் கொண்டுவருவது சட்டப்படி குற்றம்.

இரும்பை உருக்கி ஒட்டணும் என்றால் அசிட்டிலீன்தான். எல்பிஜி தீ சுமார் 2,800 டிகிரி வரை போகும், ஆனால் அந்தச் சூடு ஒரு புள்ளியில் குவியாமல் பரவிவிடும். பித்தளைப் பற்றவைப்புக்கு அது பரவாயில்லை.

ஆபத்தும் ஒன்றுபோல் இல்லை. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையிலும் குழியிலும் தேங்கும். பட்டறையை ஒட்டிக் காய்ந்த சீமைக் கருவேலம் இருந்தால் கவனம் இரண்டு மடங்கு வேண்டும். அசிட்டிலீன் சிலிண்டரைப் படுக்க வைத்துப் பயன்படுத்தக் கூடாது, அசிட்டோன் வெளியே வந்துவிடும். படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தால் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்த பிறகே திறக்க வேண்டும். ஹோஸில் அழுத்தம் 15 பிஎஸ்ஐயைத் தாண்டக் கூடாது. இணைப்புக்குச் செம்புக் குழாய் ஆகவே ஆகாது, அசிட்டிலீன் அதனோடு சேர்ந்து வெடிக்கும் சேர்மத்தை உண்டாக்கும்.

மெரூன் சிலிண்டரைத் தூக்கும்போது, இவ்வளவு கனத்துக்குக் கேஸ் இவ்வளவுதானா என்று பலர் அலுத்துக்கொள்வார்கள். உருளை நிறைய இருப்பது டாலேன் வழியில் வந்த அந்த நிரப்புப் பொருள்தான். இப்போது அஸ்பெஸ்டாஸுக்குப் பதில் கால்சியம் சிலிகேட் போடுகிறார்கள்.