இலங்கையில் காத்திருந்த உராபி பாஷா

பழனிக்கு அருகிலுள்ள நெய்க்காரப்பட்டியில் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப்பின் பெரியவர் ஒருவர் நம்மை நிறுத்தினார். ஏழு வருடமாகத் தாம் கேட்டுவரும் துஆவுக்கு விடை காணோமே, ஸப்ர் இன்னும் எத்தனை நாளைக்கு என்று கேட்டார். கிதாபில் உள்ள பதில் நமக்குத் தெரியும். அவர் முகத்தைப் பார்த்து அதை ஒப்பிக்க நா எழவில்லை. அய்யூப் நபி (அலை) அவர்களின் சரித்திரத்தை அவர் நம்மைவிட நன்றாகவே அறிந்திருந்தார். ஆகவே, தமிழ் பேசும் முஸ்லிம்களின் நடுவே காத்திருந்து காலம் கழித்த ஒருவரின் வாழ்வைச் சொன்னோம். அதையே வாசகர்களுக்கும் சொல்கிறோம்.

மிஸ்ர் நாட்டில் 1841-ல் கிராமத் தலைவர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் அஹ்மத் உராபி. சிறு வயதில் குர்ஆன் ஓதி, அல்-அஸ்ஹரிலும் சில காலம் பயின்று, பின் படையில் சேர்ந்தார். மண்ணின் மைந்தர்களைத் தாழ்த்தி அந்நியக் கடன்காரர்களுக்கு நாட்டைத் திறந்துவிட்ட ஆட்சியை எதிர்த்து, 1881 செப்டம்பரில் அரண்மனை முற்றத்தில் படையோடு நின்றார். மறு ஆண்டு போர் அமைச்சரானார். அதே ஆண்டு ஜூலையில் ஆங்கிலேயர் அலெக்ஸாந்திரியாவைக் குண்டு வீசித் தகர்த்தனர். செப்டம்பர் 13 அன்று தல்லுல் கபீரில் அவர் படை விடியற்காலையில் சிதறியது. மரண தண்டனை விதித்தார்கள். பிறகு அதை நாடு கடத்தலாக மாற்றினார்கள்.

1883 ஜனவரியில் ஆறு தோழர்களுடன் கொழும்பில் வந்திறங்கியபோது அவருக்கு வயது நாற்பத்தொன்று. வரவேற்கத் திரண்ட முஸ்லிம்களின் பாஷை தமிழ். அன்னாருக்கோ அரபி. சொத்து பறிபோய், அரசு தரும் உதவித்தொகையில் வாழ்க்கை. எப்போது விடுதலை என்று சொல்வார் யாருமில்லை.

ஸப்ர் என்றால் வாய்மூடிக் கிடப்பது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உராபி பாஷா அப்படிக் கிடக்கவில்லை. ஈரக் காற்று உடம்புக்கு ஒவ்வவில்லை என்றும், ஊர் திரும்ப விடுங்கள் என்றும் பலமுறை மனுச் செய்தார். கிடைத்ததெல்லாம் 1892-ல் கண்டிக்கு மாறிச் செல்ல அனுமதிதான். தோழர்களுக்குள் மனத்தாங்கலும் வந்தது. அவர்களும் மனிதர்கள்தாமே! அப்துல் ஆல் 1891-ல் கொழும்பிலும், மஹ்மூது ஃபஹ்மி 1894-ல் கண்டியிலும் வஃபாத்தாயினர். மாபெரும் கவிஞரான பாரூதிக்குக் கண்பார்வை மங்கிற்று. அவருடைய மனைவி மிஸ்ரிலேயே இறந்தார். அந்த ஜனாஸாவில் கலந்துகொள்ளும் பாக்கியமும் அவருக்குக் கிட்டவில்லை.

இத்தனைக்கும் நடுவே உராபி பாஷா சும்மா இருக்கவில்லை என்பதே நாம் பெரியவரிடம் அழுத்திச் சொன்ன செய்தி. இலங்கை முஸ்லிம்கள் அக்காலத்தில் மிஷன் பள்ளிகளுக்கு அஞ்சிப் பிள்ளைகளை வீட்டோடு வைத்திருந்தார்கள். "முஸ்லிம் நேசன்" பத்திரிகை நடத்திய வக்கீல் சித்தி லெப்பை, கட்டட வேலையில் பேர்பெற்ற வாப்பிச்சி மரிக்கார் ஆகியோருடன் சேர்ந்து, தீனும் துன்யாவும் கற்பிக்கும் ஒரு பள்ளிக்காக அவர் உழைத்தார். 1892 ஆகஸ்டில் மருதானைப் பள்ளிவாசலை ஒட்டித் தொடங்கிய அல் மத்ரஸத்துஸ் ஸாஹிரா அதன் பலன். தம் ஊருக்குத் திரும்பத் தவித்தவர், வேற்றூர்ப் பிள்ளைகளின் படிப்புக்கு அஸ்திவாரம் போட்டார்!

1901-ல் விடுதலை வந்தது. பதினெட்டு ஆண்டுகளுக்குமேல் காத்திருந்த விடுதலை! ஆனால் ஊர் அவரை முகங்கொடுத்து வரவேற்கவில்லை. ஆங்கிலேயன் நாட்டுக்குள் புகுந்ததற்கு இவரே காரணம் என்று புதுத் தலைமுறை ஏசியது. கவிஞர் ஷவ்கி பழித்துப் பாடினார். அந்த ஏச்சோடு பத்தாண்டு வாழ்ந்து, 1911 செப்டம்பரில் வஃபாத்தானார். அன்னாரின் மதிப்பு மீண்டது 1952 புரட்சிக்குப்பின். கடைசி ஆங்கிலச் சிப்பாய்கள் கால்வாய்க் கரையை விட்டுப் போனது 1956-ல். அதைக் காண அவர் இல்லை.

இதுவரை கேட்டிருந்த பெரியவர், அந்தப் பள்ளிக்கூடம் இருக்கிறதா என்று மட்டும் வினவினார். கொழும்பில் ஸாஹிராக் கல்லூரியாக இன்றும் நடக்கிறது என்றோம். மஃரிபுக்கு நேரமாகியிருந்தது. அவர் எழுந்து ஒளூச் செய்யப் போனார்.