ஒரு சென்ட் ஏடும் ஒரு துண்டு ரொட்டியும்

பசித்தவனுக்குச் சோறு போட்டால் போதுமா, பசியை உண்டாக்கும் ஏற்பாட்டையே எதிர்த்து நிற்க வேண்டாமா? கிளைக் கூட்டம் முடிந்து டீக்கடை பெஞ்சில் அமரும் தோழர்கள் ஓயாது வாதிடும் கேள்வி இது. இரண்டையும் ஒருசேரச் செய்து காட்டினார் ஒரு மாதரசி. டாரதி டே என்பது அவர் பெயர். 1897-ல் நியூயார்க் நகரின் புரூக்ளினில் பிறந்தவர்.

இளமையில் சோஷலிஸ்டு ஏடுகளில் எழுதினார். 1917-ல் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு வெள்ளை மாளிகை வாயிலில் மறியல் செய்து சிறை சென்றார்; உள்ளேயும் உண்ணாவிரதம் இருந்தார். 1927-ல் கத்தோலிக்கரானார். அதனால் ஏழையின் பக்கத்தை விட்டு விலகினாரா? இல்லை!

1929-ல் அமெரிக்கப் பொருளாதாரம் சரிந்தது. ஆலை மூடிற்று, வேலை போயிற்று. வேலை போனதும் வாடகை நின்றது. வாடகை நின்றதும் வீடு போயிற்று. விண்ணை முட்டும் மாளிகைகள் நிறைந்த நியூயார்க்கில், வாயிற்படிகளில் சுருண்டு கிடந்தான் பாட்டாளி!

1933 மே தினத்தன்று யூனியன் சதுக்கத்தில் டாரதி டே ஒரு பத்திரிகையை வெளியிட்டார். 'கத்தோலிக்கத் தொழிலாளி' என்று பொருள்படும் பெயர். 2,500 பிரதிகள், விலை ஒரு சென்ட். வீடற்றோரை வரவேற்கும் இல்லங்கள் வேண்டும் என்று அதில் எழுதினார், பிரெஞ்சு உழவர் குடும்பத்தில் பிறந்த பீட்டர் மோரின். அதைக் கேள்விப்பட்ட வீடற்றோரே வந்து கதவைத் தட்டினர்! எழுதியாயிற்று, இனி எங்கே போய் ஒளிவது? குளிர்காலத்துக்குள் பத்துப் பெண்கள் தங்க ஓர் இடம் வாடகைக்கு எடுக்கப்பட்டது. அடுத்து ஆண்களுக்கு. காப்பிக்கும் ரொட்டிக்கும் காலைதோறும் தெருவில் வரிசை நீண்டது.

தொண்டர்களுக்குச் சம்பளம் கிடையாது. அடுப்பு மூட்டியவரும் அண்டா துலக்கியவரும் வந்தவர்களோடு உண்டு, அதே கூரையின் கீழ் உறங்கினர். குடிகாரனா, யோக்கியனா என்று வாசலில் விசாரணை இல்லை. நாம் அறிந்த தர்மப் பிரபுக்கள் எத்தனை கேள்வி கேட்பார்கள்!

1936-ல் வேலைநிறுத்தம் செய்த கப்பல் தொழிலாளருக்கும் அங்கே உணவு கிடைத்தது. 1949-ல் கல்லறைத் தொழிலாளர் போராடியபோது, அவர்களை எதிர்த்து நின்றவர் டாரதி டேயின் சொந்த மதத்தலைவர் கார்டினல் ஸ்பெல்மன். டாரதி டே நின்றதோ தொழிலாளர் பக்கம்.

1956-ல், கிரிஸ்டி தெருவிலிருந்த இல்லத்தில் தீப்பாதுகாப்பு விதி மீறப்பட்டது என்று 250 டாலர் அபராதம் விதித்தார்கள். நீதிமன்றம் புறப்பட்டவரிடம், கசங்கிய உடையோடு ஒருவர் மடித்த தாளொன்றை நீட்டினார். உதவி நாடி வருவோரில் ஒருவர் என்றே எண்ணினார் டாரதி டே. பிரித்துப் பார்த்தால் 250 டாலருக்குக் காசோலை! தந்தவர் கவிஞர் ஆடன்.

பின்னர் சுரங்க ரயில் பாதைக்காக நகராட்சி அந்த வீட்டை எடுத்துக்கொண்டது. இழப்பீடு தாமதமாக, வட்டியோடு வந்தது. வட்டி மட்டும் 3,579 டாலர் 39 சென்ட். எத்தனை நாள் ரொட்டி! 1960-ல் அதை அப்படியே நகராட்சிக்குத் திருப்பி அனுப்பினார். வட்டி தவறென்று எழுதிய கை வட்டியைத் தொடலாமா? வீண் பிடிவாதம் என்பாரும் உண்டு. வரிசையில் நின்றவனைக் கேட்டிருந்தால் அவனும் அப்படியே சொல்லியிருக்கக்கூடும்.

1973-ல், 75 வயதில், கலிபோர்னியாவில் விவசாயத் தொழிலாளர் மறியலில் கைதானார். 1980 நவம்பர் 29-ல், நியூயார்க்கில் வீடற்ற பெண்களுக்கான மேரி இல்லத்தில், அவர்களிடையே வாழ்ந்த அறையில் உயிர் பிரிந்தது. பத்திரிகையின் விலை இன்றும் ஒரு சென்ட்தான்.