கடலின் நீலத்தைக் கேள்வி கேட்டவர்

கடல் ஏன் நீலமாக இருக்கிறது? காங்கேசன்துறைக் கரையில் நிற்கும் எந்தப் பிள்ளையும் கேட்கக்கூடிய கேள்விதான் இது. இதை விடாமல் தொடர்ந்து சென்ற தமிழர் ஒருவர் 1930 ஆம் ஆண்டு பௌதிகவியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார். அவர்தான் சேர் சி.வி. இராமன்.

இராமன் 1888 நவம்பர் 7 இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்தார். தந்தை சந்திரசேகர ஐயர் கணிதமும் பௌதிகமும் கற்பித்த ஆசிரியர். சென்னை மாநிலக் கல்லூரியில் படிக்கும்போதே, 1906 இல், ஒளி பற்றிய இராமனின் முதல் கட்டுரை இங்கிலாந்துச் சஞ்சிகையொன்றில் வெளியானது. மேற்படிப்புக்கு அங்கு செல்ல உடல்நிலை இடந்தரவில்லை. நிதிச் சேவைப் பரீட்சை எழுதி, 1907 இல் கல்கத்தாவில் அரச கணக்குத் துறை அதிகாரியானார். ஆனாலும் அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் கிடைத்த நேரமெல்லாம் ஓர் ஆய்வுகூடத்திலேயே கழிந்தது. 1917 இல் அந்த அரச பதவியை விட்டு, அதைவிடக் குறைந்த சம்பளத்தில் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

1921 இல் இங்கிலாந்து சென்று கப்பலில் திரும்பும்போது கடலின் நீலம் அவரைச் சிந்திக்க வைத்தது. வானத்தின் நிறமே கடலில் தெறிக்கிறது என்பது றேலி பிரபுவின் விளக்கம். இராமன் ஓர் அரியத்தின் உதவியால் மேற்பரப்பில் தெறிக்கும் ஒளியை நீக்கிப் பார்த்தார். நீலம் மறையவில்லை. நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்ற முடிவுக்கு வந்தார். நீர் சிவப்பொளியை உறிஞ்சுவதற்கும் இதில் பெரும் பங்குண்டு என்பதை இன்று அறிவோம்.

1928 பெப்ரவரி 28 இல், மாணவர் கே.எஸ். கிருஷ்ணனுடன் சேர்ந்து செய்த ஆய்வில் விடை தெளிவானது. ஒரே நிற ஒளியைத் திரவத்தினூடாகச் செலுத்தினால், சிதறும் ஒளியில் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வருகிறது. ஒளி மூலக்கூறின் அதிர்வுக்குச் சிறிது சக்தியைக் கொடுக்கிறது, அல்லது அதிலிருந்து பெறுகிறது. ஒவ்வொரு பொருளின் அதிர்வும் வேறு என்பதால், அந்த நிறமாற்றம் அப்பொருளின் கைரேகை போன்றது. போலி மருந்தை அடையாளம் காணவும், இரத்தினக் கல்லைச் சோதிக்கவும், உயிர்க்கலங்களை ஆராயவும் இன்று இது பயன்படுகிறது. மிக நெருக்கமான இரு ஆடிகளுக்கிடையே மூலக்கூறுகளை வைத்து, ஒளியோடு அவற்றைப் பிணைத்து, இரசாயனத் தாக்கத்தின் வேகத்தையே மாற்ற முடியுமா என்றும் ஆராய்கிறார்கள்.

1948 இல் பெங்களூரில் தம் பெயரில் ஆய்வு நிறுவனம் அமைத்த இராமன், 1970 நவம்பர் 21 இல் காலமானார்.

இவரது வாழ்வில் நமக்கு என்ன இருக்கிறது? ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பஸ்ராவில் பிறந்த இப்னு அல் ஹைதம், பொருட்களிலிருந்து வரும் ஒளியாலேயே பார்வை உண்டாகிறது என்று பரிசோதனைகளால் விளக்கினார். அவரது பெயரை மேடைகளில் பெருமையாகச் சொல்கிறோம். அவர் செய்த வேலையை நம் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோமா? 1990 இல் வெளியேற்றப்பட்டு மீண்டு வந்த யாழ்ப்பாண முஸ்லிம்கள் வீடுகளையும் பள்ளிவாசல்களையும் மீளக் கட்டி வருகிறோம். பாடசாலை ஆய்வுகூடமும் அந்த வரிசையில் முன்னால் வர வேண்டும். விஞ்ஞானத்தைப் பரீட்சைப் புள்ளியாக மட்டும் பார்க்கும் பெற்றோரின் எண்ணமும் மாற வேண்டும்.

இதற்குப் பெரும் பணம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒரு கண்ணாடிக் குவளை நீரில் சில துளி பால் விட்டு, இருட்டறையில் டோர்ச் அடித்துப் பாருங்கள். பக்கவாட்டில் மெல்லிய நீலம் தெரியும். நேரெதிரே செம்மஞ்சள் தெரியும். ஏன் என்று பிள்ளை கேட்டால், பதிலை உடனே சொல்லிவிடாதீர்கள். அதைத் தேட விடுங்கள்.